அப்பா சொன்ன பொய்யும் பாட்டி காத்த மௌனமும்

இனி நாமெல்லோரும் ஷெரிஃப் குடும்பம் என்று அப்பா சொன்னதைத் துனியா அப்படியே நம்புகிறாள். உடையில் தைத்த மஞ்சள் நட்சத்திரத்தை ஷெரிஃப் சின்னமாக எண்ணிப் பெருமையாகப் பள்ளிக்குப் போகிறாள். ஆசிரியை அவளைக் கண்டுகொள்வதே இல்லை.

லோயிக் தோவில்லியே எழுத, மார்க் லிஸானோ வரைந்து 2012இல் பிரெஞ்சில் வெளிவந்த 'ஒளித்துவைத்த சிறுமி' என்ற சிறுவர் சித்திரக்கதையில் இந்த இடத்தை எளிதில் தாண்டிப் போக முடியாது. ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சில் 1942 ஜூன் முதல் ஆறு வயது நிறைந்த யூதர் எல்லோரும் அந்த நட்சத்திரத்தை அணிந்தே தீர வேண்டியிருந்தது. அதைப் பெற, துணிப் பங்கீட்டுச் சீட்டிலிருந்தும் கழித்துக்கொண்டார்கள்! இந்தக் கொடுமையை விளக்க அந்தத் தகப்பனிடம் சொல் இல்லை; பொய்தான் இருந்தது. நூல் அவரைக் கண்டிக்கவும் இல்லை, மெச்சவும் இல்லை. அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்த மாதம், ஜூலை 16, 17 தேதிகளில், பாரிஸிலும் புறநகர்களிலும் சுமார் 13,000 யூதர்கள் கைதானார்கள். 4,000க்கு மேற்பட்டோர் குழந்தைகள். பிடித்துப்போனவர்கள் பிரெஞ்சுக் காவலர்களே. அரசின் பொறுப்பை ஒரு பிரெஞ்சு அதிபர், ழாக் சிராக், வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1995இல்தான்.

கதையிலும் காவலர்கள் கதவைத் தட்டுகிறார்கள். பெற்றோர் துனியாவை அலமாரிக்குள் ஒளித்துவிட்டுப் பிடிபடுகிறார்கள். அண்டை வீட்டு அம்மாள் அவளை மீட்க, பிறகு கிராமத்தில் வேறு பெயரில் வளர்கிறாள். அம்மா நாஜி முகாமிலிருந்து உருக்குலைந்து திரும்புகிறாள், அப்பா திரும்பவில்லை. முகாமுக்குள் நடந்ததைக் கதை தொடர்ந்து போய்க் காட்டுவதில்லை. சிறுமி கண்டது எதுவோ அதுவே நமக்கும். லிஸானோவின் மனிதர்களுக்குத் தலை பெரிது, உடல் சிறிது. பொம்மைத்தனம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் அச்சம் முழுவதையும் கண்களில் வைக்க அந்தப் பெரிய முகங்கள் தேவைப்படுகின்றன.

இத்தனையையும் பல ஆண்டுகள் கழித்து, ஓர் இரவில், பேத்தி எல்சாவிடம்தான் பாட்டி துனியா முதன்முதலாகச் சொல்கிறாள். பெற்ற மகனிடம்கூட அதுவரை வாய் திறந்ததில்லை. உயிர் பிழைத்த குழந்தைகள் பலர் இப்படித்தான் பேசாமலே முதுமை அடைந்தார்கள். ஆராய்ச்சி நூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் இம்மௌனத்தை, இந்தக் கதையமைப்பே சொல்லிவிடுகிறது.

எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைத் தாராளமாகக் கொடுக்கலாம். தனியே படிக்க விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் உண்மையான பதிலைச் சொல்லுங்கள்.