மூப்பும் நடையும்

முதியோர் ஓய்ந்திருத்தலே மேன்மை என்னும் எண்ணம் நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. பிள்ளைகள் தலையெடுத்தபின் தந்தை நாற்காலியை விட்டு எழலாகாது. தாய் வாயிற்படி தாண்டலாகாது. தாண்டினால், "இந்த வயதில் இவர்களை அலைய விடுகிறார்களே" என்று அயலார் பழிப்பர். தேகப்பயிற்சி என்பதோ மல்லருக்கும் மாணவருக்குமே உரியதென்பது பலர் துணிபு. இவ்வெண்ணம் எத்துணைக் கேடு பயப்பது என்பதைக் கடந்த எழுபது ஆண்டுகளின் வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

அவ்வரலாறு லண்டன் நகரத்துப் பஸ் வண்டியில் தொடங்குகின்றது. ஜெரமி மோரிஸ் என்னும் வைத்திய அறிஞர், அந்நகரப் போக்குவரத்து ஊழியர் ஏறத்தாழ 31,000 பேரின் உடல்நிலையை ஆராய்ந்து, 1953-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் வைத்திய ஏட்டில் வெளியிட்டார். டிரைவரும் கண்டக்டரும் ஒரே வண்டியில் உழைப்பவர். வருவாயிலும் வாழ்விலும் பெரிதும் ஒத்தவர். ஆயின் டிரைவர் வேலைநேரம் முழுமையும் அமர்ந்தே இருப்பவர். கண்டக்டரோ மாடிப் பஸ்ஸின் படிகளில் நாளொன்றுக்கு 500 முதல் 750 வரை ஏறுபவர். கண்டக்டர்களிடை மாரடைப்பு குறைவாகவே காணப்பட்டது. வந்த இடத்தும் பிந்தி வந்தது, கடுமை குறைந்து வந்தது. நடந்து கடிதம் கொடுக்கும் தபால்காரருக்கும், அதே இலாகாவில் அமர்ந்தெழுதும் குமாஸ்தாக்களுக்கும் இடையிலும் இவ்வேற்றுமையே புலப்பட்டது.

"பருத்தவர் டிரைவர் வேலையை நாடுவர், மெலிந்தவர் கண்டக்டர் ஆவர், காரணம் உடலமைப்பேயன்றி உழைப்பன்று" என்று வாதிப்பதற்கும் இடமுண்டு. மோரிஸ் அதனையும் ஒதுக்கவில்லை. ஊழியருக்கு வழங்கப்பட்ட காற்சட்டைகளின் இடையளவைக் கணக்கெடுத்தார். டிரைவர்களின் இடை பெரிதாயிருந்தது உண்மையே. எனினும், மெலிந்தவராயினும் பருத்தவராயினும் கண்டக்டரிடத்துத் திடீர் மரணம் குறைவே என்று பிந்திய ஆராய்ச்சியில் கண்டார். ஓட்டமும் மல்லும் வேண்டுவதில்லை. அன்றாட மெல்லசைவே உயிர்காக்கும் என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. 1910-இல் பிறந்த அவ்வறிஞர் 2009-இல், தம் 99-ஆம் வயதில் காலமானார்.

இவ்வாராய்ச்சியைப் படித்தபோது எனக்கு நமது தோட்டங்களே நினைவில் தோன்றின. விடியுமுன் பெரட்டுக்கு வந்து, 400, 500 பால்மரங்களை நிரை நிரையாய்க் குனிந்தும் நிமிர்ந்தும் வெட்டி, மீண்டும் அவ்வழியே நடந்து பால் சேர்த்துச் சுமந்த நம் தாய்மாரே அந்தக் கண்டக்டர்கள். ஆபீசில் அமர்ந்து செக்ரோல் எழுதும் என் போன்ற கிராணியே அந்த டிரைவர். அவர்தம் உழைப்பைப் போற்றி, அதன் கொடுமையை மறைத்தல் அறமன்று. குறைந்த கூலியும், வளைந்த முதுகும், தேய்ந்த மூட்டும் அவ்வுழைப்பு ஈந்த பரிசில்களே. எனினும், அவ்வுடல்கள் நடந்து பழகியவை என்பதை மறுப்பாரில்லை.

அத்தகைய உடல்களை இன்று நாம் யாது செய்கின்றோம்? ஜோகூர் பாரு நகரிலிருந்து தெப்ராவ் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் பெர்மாஸ் ஜெயா. எண்ணிட்ட தெருக்களில் வரிசை வீடுகள். அங்கே என் தமையனார் இல்லத்துக்கு, முப்பதாண்டு பால்வெட்டிய எங்கள் அன்னையார் குடிவந்தார். "உழைத்தது போதும், உட்கார்ந்திரு அம்மா" என்றோம். அன்பினால் சொன்னதே. இரண்டாண்டில், ஒருவர் கைகொடுத்தாலன்றி நாற்காலியினின்று எழ இயலாதவரானார். தோட்டம் செய்யாத தீங்கினை எங்கள் மரியாதை செய்தது.

இழந்த வலிமை மீளுமோ எனின், மீளும். 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த, 86 முதல் 96 வரை வயதுடைய பத்துப் பேருக்குக் காலால் எடை தூக்கும் பயிற்சி எட்டு வாரம் அளிக்கப்பட்டது. முடிவுவரை நின்ற ஒன்பதின்மரின் கால்வலிமை சராசரி 174 சதவீதம் பெருகிற்று. தொண்ணூறு வயதுத் தசையும் பயிற்சிக்கு இணங்குமாயின், அறுபதில் "இனி என்ன" என்பது பேதைமையன்றோ?

வலிமை மீள்வது போன்றே தள்ளாட்டமும் தணியும். நம் நாட்டுப் பூங்காக்களில் விடியற்காலையில் சீன முதியோர் கூடி மெல்லக் கையசைத்து நிற்கும் தாய்ச்சிப் பயிற்சியைக் கண்டிருப்பீர்கள். அட்லாண்டா நகரில் எழுபது வயது கடந்த 200 பேரிடம் நடத்திய ஆராய்ச்சி 1996-இல் வெளிவந்தது. தாய்ச்சி பயின்றவரிடையே மீண்டும் மீண்டும் விழும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. முதியோருக்கு இடுப்பெலும்பு முறிவு எமனுக்கு நிகராதலின், இஃது எளிய நன்மையன்று.

"அஃது அயலார் வழக்கம், நம் பெண்டிர்க்கு அடாது" என்பார் கோவை மாவட்டத்து நானம்மாளை நோக்குக. 1920-இல் பிறந்து, எட்டு வயதில் தந்தையிடம் யோகாசனம் கற்று, தொண்ணூறு கடந்தும் பிறருக்குக் கற்பித்தவர் அவர். 2018-இல் பத்மஸ்ரீ பெற்று, 2019-இல் தம் 99-ஆம் வயதில் மறைந்தார்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியதும் இதுவே. 65 வயது கடந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி செய்க. இரு நாளேனும் தசைக்கும், மூன்று நாளேனும் உடல்நிலை தள்ளாடாமைக்கும் பயிற்சி சேர்க்க. நடையில் ஒரு கால் எப்பொழுதும் நிலத்தில் ஊன்றி நிற்பதால், ஓட்டத்தைப்போல் மூட்டு அதிர்வதில்லை. நடக்கவியலாதார் நாற்காலியைப் பற்றி எழுந்தமரலாம், நீரில் நிற்கலாம். இருதய நோயுடையார் வைத்தியரைக் கலந்துகொள்க.

இன்று எங்கள் அன்னையார் மாலைதோறும் என் தமையனார் மகளுடன் தெருமுனைவரை நடந்து திரும்புகின்றார். முதலில் இரண்டு வீட்டளவு. இப்பொழுது தெரு முழுமையும். அயலார் பேசினர், பின்னர் அவ்வயலாரில் இருவர் உடன் நடக்கத் தொடங்கினர். கூலிக்காக நடந்த கால்கள் இனித் தமக்காக நடக்கட்டும். பெற்றோரைப் பேணுதலாவது, அவரை அமர்த்தி வைத்தலன்று. கைகொடுத்து எழுப்பி, உடன் நடத்தலே ஆகும்.