சொல் இல்லாத பாட்டு

பொங்கோலில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சில பையன்கள் பிரேக் டான்ஸ் பழகுவார்கள். ஒரு சனிக்கிழமை ஸ்பீக்கரில் மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. நடுவில் கித்தார் நுழைந்ததும், கையில் கோப்பிப் பொட்டலத்தோடு போன பக்கத்து வீட்டு மாமா நின்றுவிட்டார்.

“இது எங்க காலத்துப் பாட்டுடா. அப்பாச்சி!”

“இல்ல அங்கிள், இது ஹிப்-ஹாப்.”

ரெண்டு பேர் சொன்னதும் சரிதான்.

‘அப்பாச்சி’யை எழுதியவர் ஜெரி லார்டன் என்ற ஆங்கிலேயர். 1960-ல் ‘தி ஷேடோஸ்’ கித்தாரில் வாசித்து, பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடம் பிடித்தது. 1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டோடு அவர்கள் சிங்கப்பூர் வந்து, ஹேப்பி வேர்ல்டு அரங்கில் வாசித்தார்கள். அதன்பின் இங்கே கித்தார் குழுக்கள் பெருகின. வீட்டில் ஹொக்கியன், மலாய், தமிழ் என்று ஆளுக்கொரு மொழி பேசிய பிள்ளைகளுக்குச் சொல் இல்லாத பாட்டு ரொம்ப வசதி. உச்சரிப்பைச் சொல்லி யாரும் சிரிக்க முடியாதே! குவீன்ஸ்டவுன் பள்ளி மாணவர்கள் தொடங்கிய ‘தி குவெஸ்ட்ஸ்’, 1964-ல் ‘ஷாண்டி’ என்ற சொந்த மெட்டால் உள்ளூர்ப் பட்டியலில் பீட்டில்ஸையே கீழே இறக்கியது. அதுவும் சொல் இல்லாத பாட்டுதான்.

பையன்களின் ‘அப்பாச்சி’ வேறு. 1973-ல் மைக்கேல் வைனர் தயாரித்த ‘இன்கிரெடிபிள் பாங்கோ பேண்ட்’ இசைத்தட்டில் வந்தது. ஸ்டூடியோவுக்காகக் கூடிய வாத்தியக்காரர்கள். டிரம்ஸில் ஜிம் கார்டன், பாங்கோவில் பஹாமாஸ்காரர் கிங் எரிசன். மெட்டு பழசுதான், அதில் ஃபங்க் தாளத்தை ஏற்றி, நடுவில் மேளத்தை மட்டும் நீளமாக ஓடவிட்டார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸில் டிஜே கூல் ஹெர்க், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றிச் சுழற்றி, அந்த மேளத் துண்டை முடியவிடாமல் நீட்டினார். அந்தத் துண்டுக்குப் பெயர் ‘பிரேக்’. பிரேக் டான்ஸின் பெயரே அங்கிருந்து வந்ததுதான்.

அதே 1973-ல்தான் சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியங்களுக்குத் தடை வந்தது. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடிகள் மேளம் இல்லாமல் நடந்தன. 2016-ல்தான் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. ஆனால் எனக்கு இந்த ஆண்டு மறக்கவே மாட்டேன் என்கிறது. அங்கே ஒரு மேளத் துண்டு ஒரு தலைமுறைக்கே நடனம் தந்தது. இங்கே ஒரு தலைமுறை, தெருவில் உறுமி கேட்காமலே காவடி பார்த்து வளர்ந்தது.

நாம் வரிகளை மனப்பாடம் செய்கிறவர்கள். பாட்டு என்றதும் “யார் எழுதினது?” என்றுதான் கேட்போம். அடித்த கை யாருடையது என்று கேட்பதில்லை. சொல் இல்லாத இசைக்கு நம் எழுத்தில் இடம் குறைவு. அதனால்தான் மாமாவின் பாட்டு பையன்களுக்குத் தெரியவில்லை. மாமாவுக்கும் பிராங்க்ஸ் தெரியவில்லை.

அன்றைக்கு மாமா கோப்பியைத் தரையில் வைத்துவிட்டு, “இன்னொரு தடவை போடுங்கடா” என்றார். போட்டார்கள். மேளம் வந்தபோது, கித்தார்க்காரரான அவர் விரல்கள் தூணில் தாளம் போட்டன.