ஜாகை எங்கே?

கல்லூரிகள் திறக்கும் காலம் நெருங்கும்போதெல்லாம், புதிதாகச் சேரப்போகும் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்யும் பெரியவர்களின் தொகையும் பெருகிவிடுகிறது. எந்தப் பாடத்தை எடுப்பது, வகுப்பில் குறிப்பு எழுதுவது எப்படி, நூலகத்தில் எவ்வளவு நேரம் உட்காருவது, எந்தச் சகவாசத்தை விலக்குவது என்று அவர்கள் சொல்லும் யாவும் நல்ல வார்த்தைகளே. அவற்றில் குறை காண எனக்கு விருப்பமில்லை. ஆனால் இற்றைக்கு நூறு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன், மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறி, தகரப் பெட்டியும் ஜமக்காளச் சுருளுமாய்ப் பிரயாணத்துக்கு ஆயத்தமாகி நின்ற பையனிடம், தஞ்சாவூர் ஜில்லாவிலோ திருநெல்வேலி ஜில்லாவிலோ திண்ணையில் அமர்ந்திருந்த கிழவர் எவரும் முதலில் பாடத்தைப் பற்றிக் கேட்டுவிடமாட்டார். "ஜாகை எங்கேடா? சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு?" என்பதே அவர் வாயில் முதலில் வரும். வித்தைக்குப் புறப்படுகிறவனிடம் வயிற்றைப் பற்றியா விசாரிப்பது என்று படித்தவர்கள் நகைக்கலாம். தமிழ்நாட்டுக் கலாசாலைகளின் பழைய சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கிறவர்களுக்கோ, அந்தக் கிழவரின் கேள்வியே மற்றெல்லாக் கேள்விகளுக்கும் முந்தியது என்பதும், அதற்கு விடை கிடைத்தவன் படித்தான், கிடைக்காதவன் வந்த வண்டியிலேயே ஊர் திரும்பினான் என்பதும் நன்கு விளங்கும்.

சென்னைச் சர்வகலாசாலை 1857-ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்டது. அங்கே முதன்முதலாக பி.ஏ. பட்டம் பெற்றவர்கள் என்று சொல்லப்படும் சி.வை. தாமோதரம் பிள்ளை, விசுவநாத பிள்ளை ஆகிய இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள். வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர்கள். கடல் கடந்து வந்த இருவர் நம்மவரை முந்திக்கொண்டதற்கு அவர்களுடைய புத்தி விசேஷத்தைக் காரணமாகச் சொல்வது எளிது, அது உண்மையுமாகும். எனினும், 1823-இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய அந்தச் செமினரி, மாணவரைத் தன்னிடத்திலேயே தங்கவைத்து, உண்டியும் உறையுளும் தந்து படிப்பித்த ஸ்தாபனம் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. நம் நாட்டுச் சர்க்கார் கலாசாலைகளோ கட்டடத்தைக் கொடுத்தன, ஆசிரியரைக் கொடுத்தன. வகுப்பு முடிந்து மணி அடித்த பிறகு மாணவன் எங்கே போகிறான் என்பதைப் பற்றி நெடுங்காலம் கவலைப்படவேயில்லை.

கும்பகோணம் இதற்கு நல்ல உதாரணம். 1854-இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கிப் பின்னர்க் கலாசாலையாக உயர்ந்து, தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று புகழப்பட்ட அந்தக் கல்லூரி, ஊருக்கும் தனக்கும் நடுவே காவிரி ஓட, அக்கரையில் தனித்து நின்றது. ஆற்றில் தண்ணீர் இருந்தால் ஓடம். வறண்ட கோடையில் மணலில் நடை. சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து அங்கு வந்த ஏழைப் பிராமணப் பிள்ளைகளைத் தாங்கியவை சத்திரங்களும், வாரச் சாப்பாடு என்ற வழக்கமும். திங்கட்கிழமை வக்கீல் வீட்டில் சாப்பாடு, செவ்வாயன்று மிராசுதார் வீட்டில், புதனன்று வாத்தியார் வீட்டில் என்று வாரத்தின் ஏழு நாட்களுக்கும் ஏழு வீடுகளைச் சேகரித்துக்கொள்ள வேண்டியது பையனின் முதல் உத்தியோகம். ஆறு வீடுகள் அகப்பட்டு ஏழாவது அகப்படாத பையன், அந்த ஒரு நாளைக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுக்க வேண்டியதுதான். ஆகவே அவனுக்குத் தாய் சொல்லி அனுப்பிய புத்திமதிகளும் இதற்கேற்றவையே: இலை போட்டு அழைக்கும்முன் போய் உட்காராதே, இரண்டாவது தரம் மோர் கேட்காதே, அந்த வீட்டுக் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடு, மாமி கடைக்குப் போகச் சொன்னால் முகம் சுளிக்காதே. இந்த ஏற்பாட்டின் தரும சிந்தனையைப் பாராட்டுகிறவர்கள் பலர். நானும் பாராட்டுகிறேன், ஆனால் அந்தத் தருமத்தின் வாசற்படி ஒரே ஜாதிக்கு மட்டும் திறந்திருந்தது என்பதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும். வேளாளனுடைய மகனுக்கோ நெசவாளனுடைய மகனுக்கோ அந்த அக்கிரகாரத்தில் ஓர் இலை கிடையாது. ஆதி திராவிடப் பிள்ளைக்குத் தெருவிலே நடப்பதற்கே இடமில்லை.

ஜாகையும் சாப்பாடும் அமைந்துவிட்டால் எல்லாம் அமைந்துவிடும் என்று நான் வாதிக்க வரவில்லை. அதே கும்பகோணத்தில், சொந்த வீடும் தாய் கையால் உணவும் வாய்த்திருந்த ஸ்ரீநிவாச ராமாநுஜன், 1904-ஆம் வருஷத் தொடக்கத்தில் உபகாரச் சம்பளத்துடன், பி.ஏ.வுக்கு முந்திய எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். அக்காலத்து எஃப்.ஏ. மாணவன் கணிதத்தோடு ஆங்கிலம், உடலியல், கிரேக்க ரோமானிய சரித்திரம், சம்ஸ்கிருதம் ஆகியவற்றிலும் தேறியாக வேண்டும். ஒன்றில் தவறினாலும் அத்தனையும் போயிற்று. கணிதத்தைத் தவிர வேறொன்றிலும் மனம் செல்லாத அந்தப் பிள்ளை உபகாரச் சம்பளத்தை இழந்து, 1905-இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். பெற்றோர் பத்திரிகை வாயிலாகத் தேட நேர்ந்தது. மறு வருஷம் சென்னை வந்து, பாட்டி வீட்டில் ஜாகை வைத்துக்கொண்டு, அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்த பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார்; அங்கும் வயிற்றுக் கடுப்பு அவரைச் சில காலம் ஊருக்கு விரட்டியது. எஃப்.ஏ. பரீட்சை கடைசி வரையில் அவருக்கு வசப்படவில்லை. 1912-இல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் துறைமுகக் குமாஸ்தாவாக அமர்ந்தவர் பின்னாளில் அடைந்த கீர்த்தியை எடுத்துக்காட்டி, பரீட்சை ஒரு பொருட்டல்ல என்று மாணவர்களுக்குச் சொல்லும் பிரசங்கிகள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பிரசங்கம் ரசிப்பதில்லை. உலகம் ஒரு ராமாநுஜனைக் கண்டெடுத்தது. அதே விதியால் விழுந்து, ஒருவராலும் கண்டெடுக்கப்படாமல், 'எஃப்.ஏ. ஃபெயில்' என்று சொல்லிக்கொண்டே தாலுக்கா கச்சேரிகளில் பென்ஷன் வாங்கியவர்களுக்குக் கணக்கில்லை. சேருமுன் கல்லூரியின் தேர்வு விதிகளை ஒருமுறை உரக்கப் படித்துப் பார் என்பது, எந்த வாழ்த்துரையைக் காட்டிலும் பையனுக்குப் பயன்படும்.

சென்னைக்கு வந்தவர்களின் கதை வேறு. பிரஸிடென்ஸி கல்லூரி 1870-இல் கடற்கரைச் சாலையிலுள்ள தன் சிவந்த கட்டடத்துக்குக் குடியேறிய பிறகு, அதற்குப் பின்புறத்துத் திருவல்லிக்கேணி முழுவதுமே மாணவர் பேட்டையாக மாறத் தொடங்கிற்று. கோயில் வீதிகளின் வீடுகளில் ஓர் அறையை நால்வர் சேர்ந்து வாடகைக்கு எடுத்துக்கொள்வதும், பக்கத்துச் சந்தில் மாதக் கணக்குக்குச் சாப்பாடு போடும் கிளப்பில் பெயர் எழுதிக்கொள்வதும், மாலையில் கடற்கரை மணலில் கூடி உலக விவகாரங்களைத் தீர்த்துவைப்பதும் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டன. (மகாமகோபாத்தியாய சாமிநாதையர் 1903-இல் கும்பகோணத்திலிருந்து பிரஸிடென்ஸி கல்லூரிக்கு மாற்றப்பட்டு வந்தபோது அவரும் இந்தத் திருவல்லிக்கேணியிலேயே வசித்தார், தமக்குக் கல்லூரி வேலையை வாங்கித் தந்த தியாகராஜ செட்டியாரின் பெயரைத் தம் வீட்டுக்கு இட்டார். ஆசிரியர்களில் ஜாகையின் பெயராலேயே இவ்வளவு அழகாக நன்றி செலுத்தியவர் வேறொருவரை நான் அறியேன்.) கிறிஸ்தவக் கல்லூரித் தலைவர் வில்லியம் மில்லர், வகுப்பறையில் கற்பதைப் போலவே ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து கற்பதும் கல்வியின் பாகம் என்று கருதி, கல்லூரிக்கென்று விடுதிகளைக் கட்டுவித்தார். மயிலாப்பூரில், 1905-ஆம் வருஷம், ராமகிருஷ்ண மடத்துச் சசி மகராஜின் தூண்டுதலால், ராமசாமி ஐயங்கார் என்ற அன்பர் ஏழு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாணவர் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அது இன்றும் நடந்துவருகிறது.

இவ்வளவு இருந்தும், திருவல்லிக்கேணிச் சந்துகளில் பெட்டியைச் சுமந்துகொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய பிராமணரல்லாத மாணவனுக்கு, அறை காலி என்று சொன்ன வீட்டுக்காரர் அவன் குலத்தை விசாரித்தவுடன் காலியில்லை என்று சொல்லிவிடும் அனுபவம் சர்வ சாதாரணம். இந்தக் கஷ்டத்தைக் கண்ணால் கண்ட டாக்டர் சி. நடேச முதலியார், 1910-களின் நடுவில், அதே திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற விடுதியை நடத்தினார். பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியான ஆர்.கே. சண்முகம் செட்டியார் அங்கே தங்கிப் படித்தவர். அதே காலத்தில், 1916-இல், சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் கல்வி ஸ்தாபனம் கண்டு, ஆதி திராவிடப் பிள்ளைகளுக்குப் படிப்போடு தங்குமிடமும் உணவும் தேடித் தந்தார். நம் மாகாணத்து அரசியல் மாறுதலின் ஊற்றைச் சட்டசபைப் பிரசங்கங்களிலும் மகஜர்களிலும் தேடுகிற சரித்திராசிரியர்கள், இந்த விடுதிகளின் சமையலறைப் பக்கமும் ஒரு தடவை எட்டிப் பார்த்தால் நலம். வாடகைக்கு அறை கிடைக்காத பையன் இருபது வருஷம் கழித்து மந்திரியாகும்போது, அந்த வாசற்படியை மறந்துவிடுவதில்லை.

பெண்களுக்கோ கல்லூரிக்குப் போகும் வழியே ஒரு பிரச்னை. பின்னாளில் டாக்டரான முத்துலட்சுமி ரெட்டி 1904-இல் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர விரும்பியபோது, எதிர்ப்புகளைப் பொருட்படுத்தாமல் அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி தந்தார். ஆயினும் முத்துலட்சுமி மூடு வண்டியில் வந்து, ஆடவர் கண்ணுக்குப் படாமல் திரை மறைவில் அமர்ந்து பாடம் கேட்டார். இளமையிலேயே கைம்மை அடைந்து, பின்னர் 1911-இல் பி.ஏ. பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, தம்மைப் போன்ற பெண்களைத் தம்முடனேயே வைத்துக்கொண்டு படிக்கவைத்தார். இடம் போதாமல் போனபோது, ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்கக் கட்டப்பட்ட கடற்கரை ஐஸ் ஹவுஸ், அந்த இளம் விதவைகளின் விடுதியாயிற்று. அதற்குச் சற்றுத் தள்ளி, 1914-இல், முன்பு ஓட்டலாக இருந்த காப்பர் ஹவுஸ் மாளிகையில், டாரதி டி லா ஹே அம்மையாரைத் தலைவியாகக் கொண்டு தொடங்கியதே ராணி மேரி கல்லூரி. மறு வருஷம் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி 41 மாணவியரோடு ஆரம்பமாயிற்று. பெண்ணை வெளியூருக்கு அனுப்பத் தயங்கிய தகப்பனார்கள் பாடத்திட்டத்தை விசாரித்துவிட்டா அனுப்பினார்கள்? விடுதியில் யார் காவல், யார் சமையல் என்பதை விசாரித்துத் திருப்தியான பிறகே அனுப்பினார்கள்.

பிற்காலத்து மாறுதல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1929-இல் அமைந்த அண்ணாமலைச் சர்வகலாசாலை, மாணவர் தங்கிப் படிப்பதையே தன் அடிப்படையாகக் கொண்டது. கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக் காட்டுக்குப் பெயர்ந்தபோது, வகுப்பறைகளோடு சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என்ற மூன்று விடுதிகளும் உடன் எழுந்தன. 1950-களின் நடுவில், பழைய எஃப்.ஏ.வின் இடத்தில் இருந்த இன்டர்மீடியட் போய்ப் புகுமுக வகுப்பு வந்தது. 1978-இல் அதுவும் போய், மேல்நிலை வகுப்புகள் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிவிட்டன. இதனால் விளைந்த பெரிய வித்தியாசம், பதினைந்து பதினாறு வயதில் வீட்டைவிட்டுப் புறப்பட்ட பையன் இப்போது பதினேழு பதினெட்டு வயதில் புறப்படுகிறான் என்பதே. தாய்மார்களின் கவலை அதற்குத் தக்கபடி குறைந்ததாகத் தெரியவில்லை.

வாரச் சாப்பாடு மறைந்தது. அதன் இடத்தில் வந்தது விடுதி மெஸ். பல விடுதிகளில் இன்றும் நடக்கும் 'டிவைடிங் சிஸ்டம்' என்ற ஏற்பாட்டில், மாதம் முழுவதும் ஆன அரிசி, பருப்பு, காய்கறி, விறகு அல்லது காஸ், சமையற்காரர் சம்பளம் ஆகிய எல்லாச் செலவையும் கூட்டி, சாப்பிட்ட நாட்களின் கணக்கில் மாணவர்களுக்குள் வகுத்து வசூலிக்கிறார்கள். மாணவர்களே ஒரு மெஸ் செக்ரட்டரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய்க் கத்தரிக்காய் விலை பேசிவிட்டு, ஒன்பது மணி வகுப்பில் தூங்குவார். ஊருக்குப் போகிறவன் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அத்தனை நாள் சாப்பாட்டுக் காசு கழிக்கப்படும். அதற்கு மெஸ் கட் என்று பெயர். முதல் வருஷத்துப் பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை. பண்டிகைக்கு ஊர் போய் ஐந்தாறு நாள் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுத் திரும்பி, மாதக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பில்லில், தாங்கள் இல்லாத நாட்களுக்கும் தங்கள் பெயரில் இட்லி விழுந்திருப்பதைக் கண்டு செக்ரட்டரியோடு சண்டைக்குப் போகிறார்கள். பெயரை வெட்டிக்கொள்ளும் நோட்டுப் புத்தகம் பெரும்பாலும் மெஸ் வாசலிலேயே தொங்கும். போன அன்றே அதைப் பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.