ஏழு புத்தகமும் மூர் மார்க்கெட்டும்

போன சனிக்கிழமை திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பக்கம் போயிருந்தேன். வாங்கப் போனது செல்போனுக்கு ஒரு கவர். வாங்கி வந்தது ஏழு பழைய புத்தகம். மொத்தம் 430 ரூபாய். கவர் வாங்க மறந்தே போச்சு :-)

பையைப் பார்த்ததும் தங்கமணி கேட்டாங்க: "புத்தகக் கண்காட்சியில வாங்கினதையே இன்னும் பிரிக்கலையே நீங்க... இதெல்லாம் யார் படிக்கிறதுக்கு?" நியாயமான கேள்வி. பொட்டி தட்டுறவன்கிட்ட பதில் இல்லை.

அந்த ஏழில் ஒண்ணு அச்சடிச்ச புத்தகமே இல்லை. வாரப் பத்திரிகையில வந்த தொடர்கதையை வாராவாரம் கிழிச்சுச் சேர்த்து, காலிகோ அட்டை போட்டு பைண்டு பண்ணினது. அந்தக் காலத்துல நிறைய வீடுகள்ல இந்த வழக்கம் உண்டு. முதல் பக்கத்துல பச்சை மையில 1962ன்னு எழுதியிருக்கு. நடுவுல ஒரு வாரம் கிடைக்கலை போல. கோடு போட்ட தாள்ல அந்த அத்தியாயம் முழுசையும் கையால எழுதி வச்சுத் தைச்சிருக்காங்க!

இந்த மாதிரிச் சரக்குக்கு ஒரு காலத்துல தலைநகரம் மூர் மார்க்கெட். பழைய பிராட்வே சந்தைக்கு மாற்றா 1898ல் அடிக்கல் நாட்டி, 1900ல் திறந்தாங்க. அப்போ மாநகராட்சித் தலைவரா இருந்த ஜார்ஜ் மூர் பேரையே வச்சாங்க. சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி செங்கல் நிறக் கட்டடம். கிராமபோன் தட்டு, கிளி, பழைய பாத்திரம், பழைய புத்தகம்னு எல்லாம் அங்கே கிடைக்கும்.

அந்த மாதிரிக் கடைகள்ல பொறுக்கியெடுத்தவங்கள்ல ஒருத்தர் ரோஜா முத்தையா. செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர். விளம்பரப் பலகை எழுதுற ஓவியர். பேராசிரியரும் இல்லை, பெரிய நிறுவனமும் பின்னாடி இல்லை. புத்தகத்தோட நிறுத்தாம, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைன்னு மத்தவங்க தூக்கிப் போடறதையும் சேர்த்தார். கோட்டையூர் வீடே நூலகமாச்சு. ஆராய்ச்சி பண்றவங்க அங்கே தேடிப் போக ஆரம்பிச்சாங்க.

1985 மே 30ல் மூர் மார்க்கெட் எரிஞ்சது. எத்தனை பிரதிகள் சாம்பலாச்சுன்னு கணக்கு எடுக்கவா முடியும்? பழைய புத்தகக் கடைக்காரங்க கையிலதான் பட்டியலே கிடையாதே. வியாபாரிகள் பக்கத்துல அல்லிக்குளத்துக்குப் போனாங்க. மார்க்கெட் இருந்த இடத்துல இன்னிக்கு புறநகர் ரயில் நிலையக் கட்டடம் நிக்குது. தினமும் லட்சம் பேர் கால்வைக்கிற இடம்; எத்தனை பேருக்குக் காலடியில புத்தகக் கடை இருந்தது தெரியும்?

ரோஜா முத்தையா 1992ல் காலமானார். அவர் சேர்த்ததை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிச்சு. ஆனா கப்பல் ஏத்திக் கொண்டு போகலை. 1994ல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாச்சு. இப்போ தரமணியில இருக்கு. கிட்டத்தட்ட ஒரு லட்சம் உருப்படிகளோட ஆரம்பிச்ச நூலகம் அது. தமிழ் அச்சு வரலாறு எழுத உட்கார்றவங்க அங்கே போகாம முடிக்கிறது கஷ்டம்.

ஒரு லட்சத்தையும் ஒரு மனுஷன் படிச்சிருக்க முடியாது. எடைக்குப் போக வேண்டியதைக் காசு குடுத்து வாங்கினார். அது எரியாம, அரையாம தப்பிச்சது. வாங்குறதும் ஒரு வேலைதான்னு எனக்குத் தோணுறது இதனாலதான். நான் அவர் கால்தூசிக்குக் காண மாட்டேன். இருந்தாலும் அந்த 1962 வால்யூம் இன்னும் சில வருஷம் பேப்பர்காரர் தராசுக்குப் போகாது. அந்த மட்டும் லாபம்.

இதையெல்லாம் விலாவாரியா தங்கமணிகிட்ட விளக்கினேன். பதிலே இல்லை. திரும்பிப் பார்த்தா, அந்தக் கையெழுத்து அத்தியாயத்துல மூழ்கியிருக்காங்க. பத்து நிமிஷம் கழிச்சுத்தான் தலை நிமிர்ந்தது.

"இதுல கதை பாதியில நிக்குதுங்க. ரெண்டாவது வால்யூம் அங்கே இருந்ததா?"

இந்தச் சனிக்கிழமையும் போகணும். அப்படியே கவரும்.