வழக்கு காத்த படச்சுருள்

திரைப்படம் தோன்றிய தொடக்கத்தில் அதற்குப் பேசத் தெரியாது. நடிகர் வாயசைப்பார், ஒலி எழாது. இடையிடையே திரையில் தோன்றும் எழுத்துகள் கதையை விளக்கும். ஊமைப்படம் என்று நம் முன்னோர் அழைத்த அக்கலைக்கு, மக்கள் முன்பே படித்து மகிழ்ந்த நாவல்கள் நல்ல கதைச் சுரங்கமாயின. அவ்வாறு நாவலிலிருந்து பிறந்த படங்கள் இரண்டின் வரலாற்றை இங்கே காண்போம். இரண்டும் நீதிமன்றம் ஏறின. ஒன்றை அழிக்கத் தீர்ப்பாயிற்று; மற்றொன்றை வழக்கே வாழவைத்தது.

பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட ‘டிராகுலா’ என்னும் நாவலைத் தழுவி, ஜெர்மானிய இயக்குநர் முர்னாவ் 1922-இல் ‘நோஸ்பெராட்டு’ என்னும் படத்தை எடுத்தார். பாத்திரங்களின் பெயர்களை மாற்றினார்களேயன்றி உரிமை பெறவில்லை. மறைந்த ஆசிரியரின் மனைவி புளோரன்ஸ் வழக்குத் தொடுத்தார். படச்சுருள்களை எல்லாம் அழித்துவிடவேண்டும் என்று 1925-இல் ஜெர்மானிய நீதிமன்றம் ஆணையிட்டது. எனினும், அதற்குள் கடல் கடந்தும் எல்லை கடந்தும் சென்றிருந்த பிரதிகள் சில தப்பின.

தப்பிய பிரதிகள் ஒன்றையொன்று ஒத்தில்லை. ஒன்றில் உள்ள காட்சி மற்றொன்றில் இல்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கி 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றிய வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். பழம்படத்தைப் புதுப்பிப்போர் செய்வதும் அத்தகைய பணியே. ‘நோஸ்பெராட்டு’வின் கறுப்பு வெள்ளைப் பிரதிகளில், கதிரொளி பட்டால் மாயவேண்டிய பேய் பட்டப்பகலில் உலவுவதுபோல் தோன்றும். காரணம் என்ன? அந்நாளில் இரவுக் காட்சிகளையும் பகலொளியில் எடுத்து, பின்னர்ச் சுருளை நீலச் சாயத்தில் தோய்ப்பது வழக்கம். சாயம் தோய்ந்த பழைய பிரெஞ்சுப் பிரதியொன்றை அடிப்படையாகக் கொண்டு, முர்னாவ் பெயரால் அமைந்த அறநிறுவனம் 2006-இல் படத்தைப் புதுப்பித்து வெளியிட்டது. அதில் இரவு மீண்டும் இரவாயிற்று. கதைக்கும் பொருள் விளங்கிற்று.

இனி நமக்கு அண்மையில் நிகழ்ந்ததைக் காண்போம். சி. வி. இராமன் பிள்ளை 1891-இல் மலையாளத்தில் வெளியிட்ட வரலாற்று நாவல் ‘மார்த்தாண்ட வர்மா’. அக்கதை நடமாடும் பத்மநாபபுரம் இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அந்நாவலை ஆர். சுந்தர்ராஜ் தயாரிக்க, பி. வி. ராவ் இயக்க, 1933-இல் ஊமைப்படமாக வெளியிட்டனர். இவர்களும் உரிமை பெறவில்லை. நாவலின் பதிப்பகத்தார் வழக்காடினர், படம் முடங்கிற்று, சுருள் பதிப்பகத்தாரிடமே ஒப்படைக்கப்பட்டது. முதலிட்டவருக்கு அது பெருநட்டம். ஆனால், அங்கே முடங்கிக் கிடந்த அச்சுருளை, புனேயில் 1964-இல் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1974-இல் பெற்றது. அதன்பின் புதிய தலைமுறையினர் அதைத் திரையில் கண்டனர்.

பிற ஊமைப்படங்களின் கதி யாது? நடராச முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ இன்று இல்லை, அகஸ்தீசுவரத்து ஜே. சி. டானியல் எடுத்த ‘விகதகுமாரன்’ இல்லை. அந்நாளைய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். தீப்படாவிடினும் நாளடைவில் பிசுபிசுத்துப் பொடியாகும். சுருளிலுள்ள வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் பல. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஊமைப்படங்கள் ஆயிரத்துக்கும் மேல். எஞ்சியவையோ மிகச் சிலவே.

ஆசிரியரின் உரிமை பெரிது. அதை மீறியது பிழையே. ஆனால், உரிமையை நிலைநாட்ட ஒரு கலைப்படைப்பைத் தீக்கிரையாக்க வேண்டியதில்லை என்பதைத் திருவாங்கூர் வழக்கு நமக்குக் காட்டுகிறது. அங்கும் படத்தைக் காத்தது தற்செயலே. தற்செயலை நம்பி ஒரு நாடு தன் நினைவைப் போற்ற இயலுமா? மாணவ நண்பர்களே, பழைய கொட்டகையிலோ வீட்டுப் பரணிலோ துருவேறிய தகரப் பெட்டியில் படச்சுருள் ஒன்று கிடக்கக் கண்டால், அதைக் குப்பை என்று எறியாதீர்கள், நெருப்பருகே கொண்டுசெல்லாதீர்கள், காப்பகத்துக்கு எழுதுங்கள். ஏடு தேடி அலைந்த அந்தப் பெரியவரின் வழியில் நீங்களும் ஓர் அடி வைத்தவர் ஆவீர்கள்.