ஆர்மீனிய வரலாறும் ரிச்சர்ட் ஹொவானிசியனும்

முதல் ஆர்மீனியக் குடியரசு 1918 மே 28 அன்று அறிவிக்கப்பட்டு, 1920 டிசம்பரில் சோவியத் ஆட்சிக்குள் அடங்கியது. இரண்டரை ஆண்டே நிலைத்த அந்த அரசின் வரலாற்றை ரிச்சர்ட் ஹொவானிசியன் (1932–2023) நான்கு தொகுதிகளில் எழுதினார். முதல் தொகுதி 1971-இலும் இறுதி இரண்டும் 1996-இலும் வெளிவந்தன. மேலைப் பல்கலைக்கழகங்களில் ஆர்மீனியவியல் என்றால் பழைய மொழி, திருச்சபை, ஏட்டுச் சுவடிகள் ஆகியவற்றின் ஆய்வே முதன்மை பெற்றிருந்த காலத்தில், அண்மைக்கால அரசியல் வரலாற்றையும் அத்துறைக்குள் உறுதியாக நிலைநிறுத்தியவர்களில் அவர் முன்னவர்.

கலிபோர்னியாவின் டுலேரி நகரில், உதுமானியப் பேரரசின் கார்பெர்த் பகுதியில் நடந்த ஆர்மீனியர் படுகொலையிலிருந்து உயிர்தப்பி வந்த ஒருவரின் மகனாகப் பிறந்த ஹொவானிசியன், ஆர்மீனிய மொழியை முறையாகக் கற்கப் பெய்ரூட் சென்றார். அங்கு ஆர்மீனியர் ‘ஜெமரான்’ என அழைக்கும் கல்விக்கூடத்தின் தலைவராக இருந்தவர், அக்குடியரசின் கடைசிப் பிரதமரான சிமோன் விரட்சியன். ஆகவே, பின்னாளில் ஆவணக் காப்பகங்களில் தேடப்போகும் அரசைப் பற்றி, அதை நடத்திய ஒருவரிடமே நேரில் அறியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது.

குடியரசின் வரலாற்றை எழுதப் புகுந்தவர் 1915-ஐத் தவிர்க்க இயலாது. ஏனெனில் அவ்வாண்டு முதல் உதுமானிய அரசு ஆர்மீனிய மக்களை நாடுகடத்தியும் கொன்றும் அழித்ததில் எஞ்சிய அகதிகள் அப்புதிய நாட்டின் மக்கள்தொகையில் கணிசமான பங்கினர். லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஹொவானிசியனும் அவருடைய மாணவர்களும் உயிர்தப்பியோரின் வாய்மொழிச் சான்றுகளை ஒலிநாடாவில் பதிவுசெய்தனர்; ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்நேர்காணல்கள் 2018-இல், இனப்படுகொலைச் சான்றுகளைப் பாதுகாக்கும் ஷோவா அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டன. முதியவர் ஒருவரின் நினைவு நாளையும் பெயரையும் தவறவிடலாம் என்பது மெய்யே. ஆயினும் ஒருவரையொருவர் அறியாத, தொலைதூர மாவட்டங்களைச் சேர்ந்த பலர், ஆண்கள் முதலில் பிரிக்கப்பட்டதையும் பெண்களும் குழந்தைகளும் சிரியப் பாலைவனம் நோக்கி நடத்தப்பட்டதையும் ஒரே வரிசையில் கூறும்போது, அந்த ஒற்றுமையே சான்றாகிவிடுகிறது.

இந்த இனப்படுகொலையை மறுக்கும் குரல் தொலைவிலிருந்து மட்டும் வரவில்லை. உதுமானிய வரலாற்றறிஞரும் இனப்படுகொலை என்ற முடிவை ஏற்காதவருமான ஸ்டான்ஃபர்ட் ஷா அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக இருந்தார். அவர் இணையாசிரியராக எழுதிய நூலுக்கு ஹொவானிசியன் 1978-இல் ஆய்விதழொன்றில் விரிவான எதிர்விமர்சனம் எழுதினார். மறுப்பும் காலப்போக்கில் உருமாறுகிறது, ‘நடக்கவே இல்லை’ என்பதிலிருந்து ‘போர்க்காலத் தேவை’, ‘இரு தரப்பிலும் இழப்பு’ என்ற வாதங்களுக்கு நகர்கிறது என்பது அவர் தொடர்ந்து எடுத்துக்காட்டிய கருத்து.

1965-இல் உருகுவே தொடங்கிய, அது இனப்படுகொலையே என்னும் அரசுமுறை ஏற்பு, அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் 2019-இலும் அதிபரின் அறிக்கைக்கு 2021-இலும்தான் வந்து சேர்ந்தது. துருக்கி அரசு அதை ஏற்கவில்லை. ஏற்பு பெறுவதில் அறிஞரின் பங்கு எவ்வளவு, புலம்பெயர்ந்த சமூகத்தின் அரசியல் அழுத்தத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தளப்பது எளிதன்று. சான்றுகளைத் திரட்டி வைத்திராவிட்டால் அந்த அழுத்தம் வெறும் முறையீடாகவே நின்றிருக்கும் என்று மட்டும் கூறலாம்.

ஏற்பை மட்டுமே குறிக்கோளாக்கிய எழுத்தில் ஒரு மக்கள் தம் சாவினால் மட்டுமே அறியப்படும் இடர் உண்டு. அவ்வகையில், வான், கார்பெர்த், எர்சூரும், கிலிகியா எனப் பழைய ஆர்மீனிய நகரங்களுக்கும் மாநிலங்களுக்கும் தனித்தனித் தொகுதிகளாக ஹொவானிசியன் பதிப்பித்த வரிசையே அவருடைய உழைப்பில் மிகவும் பயனுள்ளது எனலாம்; அழிவின் கதையோடு, அழிக்கப்பட்ட ஊர்களின் பள்ளிகளும் மடங்களும் கைத்தொழில்களும் வணிகமும் அவற்றில் பதிவாகியுள்ளன.