மிளகு தன் பெயரை இழந்த ஊர்: மட்டாஞ்சேரியின் மாட்டிறைச்சிச் சட்டியிலிருந்து ஒரு சொல்வரலாறு

மட்டாஞ்சேரி வீடுகளில் மாட்டிறைச்சி உலர்த்துவதற்கு இரண்டு தூள்கள் வேண்டும். ஒன்று முளகுபொடி, மற்றொன்று குருமுளகுபொடி. தமிழ்நாட்டிலிருந்து சென்று அங்கே முதன்முறை அடுப்பருகே நிற்பவர், முளகுபொடி என்ற சொல்லைக் கேட்டு மிளகுத்தூளை எடுத்தால் கறி கெட்டுப்போகும். அங்கே முளகு என்பது மிளகாய். மிளகு வேண்டுமெனில் குருமுளகு என்றோ நல்லமுளகு என்றோ அடைகொடுத்துத்தான் கேட்க வேண்டும். மிளகுக்காகவே கப்பல்கள் தேடிவந்த துறைமுகத்தில், அந்த மிளகே தன் இயற்பெயரை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த ஒரு செடிக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. இது எப்போது நிகழ்ந்தது, ஏன் நிகழ்ந்தது என்ற வினாக்களுக்கு மொழியே ஓரளவு விடை வைத்திருக்கிறது.

முதலில் சமையலைப் பார்த்துவிடலாம். இறைச்சியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மல்லித்தூள், முளகுபொடி, மஞ்சள், இஞ்சி, பூண்டு, தேங்காய்க்கொத்து ஆகியவற்றோடு பிசறி, அதன் நீரிலேயே வேகவைப்பார்கள். பிறகு தேங்காயெண்ணெயில் சின்னவெங்காயமும் கறிவேப்பிலையும் வதக்கி, வெந்த இறைச்சியைச் சேர்த்து, ஈரம் முழுதும் வற்றிக் கருநிறம் வரும்வரை கிளறுவார்கள். குருமுளகுபொடி கடைசியில்தான் விழும். நிறமும் அடிக்காரமும் மிளகாயுடையவை. மணமும் முடிவில் தொண்டையைத் தொடும் உறைப்பும் மிளகுடையவை. ஒரே சட்டியில் ஈராயிரம் ஆண்டுப் பழமையும் ஐந்நூறு ஆண்டுப் புதுமையும் சேர்ந்து வேகின்றன.

இதே மாட்டிறைச்சியும் மிளகாயும் உலகின் வேறொரு மூலையில் வேறுவகையாகக் கூடின. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அந்தோனியோ நகரச் சதுக்கங்களில் மெக்சிக்க வம்சாவளிப் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விற்ற ‘சில்லி கான் கார்னே’, 1893ஆம் ஆண்டுச் சிகாகோ உலகக் கண்காட்சியில் தனிக்கடை கண்டது. 1977இல் அது அம்மாநிலத்தின் அதிகாரப்பூர்வ உணவாயிற்று. அதில் சிவப்பு பீன்ஸ் சேர்க்கலாமா கூடாதா என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. வீட்டுச் சமையலில் பெரும்பாலோர் சேர்க்கிறார்கள். போட்டிச் சமையலின் ஆசாரவாதிகள் தடுக்கிறார்கள். இங்கே கருத வேண்டியது அந்த உணவின் பெயர். ‘சில்லி’ என்பது மெக்சிக்கோவின் நவாட்டல் மொழிச் சொல். செடியைப் பயிரிட்ட மக்களும் அவர்தம் மொழியும் அருகிலேயே இருந்ததால், பொருளோடு பெயரும் வடக்கே நடந்தது. கொச்சிக்குச் செடி மட்டும் வந்தது. அதன் பெயர் உடன் வரவில்லை.

கப்ரால் தலைமையில் போர்த்துக்கீசியர் கொச்சியை அடைந்தது 1500 டிசம்பரில். 1505 முதல் கால்நூற்றாண்டுக்காலம் அவர்களது கீழைத்தேய ஆட்சியின் தலைமையிடம் அதுவே. அவர்கள் ஏற்றிச்சென்ற மிளகு எடைபோட்டுக் கணக்கெழுதப்பட்ட சரக்கு. மிளகாயோ சரக்காக வரவில்லை, நடுவதற்கான விதையாக வந்தது. வந்த வேகமும் பரவிய வேகமும் ஐரோப்பியரையே குழப்பின. ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபுக்ஸ் 1542இல் வெளியிட்ட மூலிகை நூலில் மிளகாய்க்குக் ‘கள்ளிக்கோட்டை மிளகு’ என்ற பெயரும் இடம்பெறுகிறது. கொலம்பஸ் புறப்பட்டு ஐம்பதே ஆண்டுகளில், அமெரிக்கச் செடி மலபாருடையதாகக் கருதப்பட்டுவிட்டது.

மலையாளத்தில் என்ன பெயர் இடப்பட்டது என்பதற்குக் கொச்சியிலேயே ஓர் அரிய சான்று இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1663இல் கொச்சியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். அவர்களின் மலபார்த் தளபதியாக இருந்த வான் ரீட் முன்னின்று தொகுப்பித்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 தொடங்கி 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக அச்சானது. ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி மருத்துவர் மூவரும் அதன் அறிவுக்கு ஊற்றுக்கண்கள். செடிகளை அவ்வூரார் வழங்கிய பெயர்களாலேயே குறித்ததுதான் அந்நூலின் பெருமதிப்பு. இலத்தீன் விளக்கத்துக்காகத் தாவரவியலாளர் நாடும் நூலை, அந்தப் பெயர்களுக்காக மொழியியலாளர் திறக்கத் தகும்.

அதில் மிளகுக்கொடியின் பெயர் ‘மொளகொடி’ என்ற உச்சரிப்பை நினைவூட்டும் ‘மொலகோ-கோடி’. மிளகாய்ச் செடியின் பெயர் ‘காப்போ-மொலகோ’. முன்னது முளகு + கொடி. பின்னதில் உள்ள ‘காப்போ’வைக் கப்பல் எனக் கொள்வதே பொருத்தம், மலையாளத்தில் மிளகாய்க்குக் கப்பல்முளகு என்ற பழம்பெயர் உண்டு. கப்பலில் வந்தவற்றுக்கு அப்படிப் பெயரிடுவது அம்மொழியின் வழக்கமும்கூட: வேர்க்கடலை கப்பலண்டி, முந்திரிக்கொட்டை பறங்கியண்டி. ஆக, பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முளகு என்ற வெறுஞ்சொல் மிளகுக்கே உரியது. கொடி என்பது வெற்றிலைக்கொடி என்பதுபோல் செடியின் வகையைச் சொல்கிறதேயன்றி, வேறொரு முளகிலிருந்து பிரித்துக்காட்டும் அடை அன்று. அடை சுமந்தது மிளகாய். இன்றோ அடை சுமப்பது மிளகு. இந்த இடமாற்றம் ஹோர்த்துஸுக்குப் பிந்திய முந்நூறு ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தது என்று வரையறுத்துச் சொல்ல முடிகிறது. சொற்பொருள் மாற்றங்களுக்கு இவ்வளவு தெளிவான மேல்வரம்பு கிடைப்பது அரிது.

அண்டை மொழிகள் இச்சிக்கலை வேறுவகையில் தீர்த்துக்கொண்டன. தமிழ் மிளகோடு காயைச் சேர்த்து மிளகாய் என்றது. கன்னடம் மெணசினகாயி என்றும் தெலுங்கு மிரபகாய என்றும் அதே வழியில் சென்றன. மட்டாஞ்சேரியிலேயே பல நூற்றாண்டுகளாகக் குடியிருக்கும் கொங்கணியரின் மொழியில் மிளகு மிரி, மிளகாய் மிர்சாங்க். பின்னொட்டான சாங்க் நெற்றைக் குறிப்பது. முருங்கைக்காயின் பெயரிலும் அது உண்டு. எனவே திருமலை தேவஸ்வத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு வழக்கும் அடுத்த தெருக்களில் நேரெதிர் வழக்கும் அருகருகே வாழ்கின்றன. மலையாளத்துக்கு உண்மையான துணை சிங்களம். அங்கும் வெறும் மிரிஸ் மிளகாயாகிவிட்டது. மிளகு ‘கம்மிரிஸ்’, அதாவது ஊர்மிளகு என்றாயிற்று.

விட்கோவ்ஸ்கியும் பிரவுனும் 1983இல் எழுதிய ஒரு கட்டுரை இத்தகைய இடமாற்றங்களைப் பற்றியது. மெக்சிக்கோவின் த்செல்த்தால் மொழியில் மானைக் குறித்த சொல்லோடு பருத்தி என்ற அடை சேர்த்து, ஸ்பானியர் கொணர்ந்த செம்மறியாட்டுக்குப் பெயரிட்டனர். ஆடு வாழ்க்கையில் முதன்மை பெற்றபின் அடையில்லாச் சொல் ஆட்டுக்கு ஆயிற்று. மான் ‘காட்டு’ என்ற அடையைப் பெற்றது. தமிழ் மாணவர்க்கு இதைவிட நெருங்கிய எடுத்துக்காட்டு அடுக்களையிலேயே உள்ளது. எள்ளின் நெய்யே எண்ணெய். தேங்காய், கடலை, ஆமணக்கு என எல்லாவற்றின் நெய்யும் எண்ணெயானபின், எள்ளெண்ணெய் நல்லெண்ணெயாக நிற்கிறது. நல்லமுளகில் உள்ள ‘நல்ல’வும் அதே வேலையைச் செய்கிறது. குமரி மாவட்டத் தமிழில் மிளகை நல்லமிளகு என்பதும் இத்தொடரில் வைத்து ஆராயத்தக்கது.

ஏன் மலையாளக் கரையில்? பயன்பாட்டின் அடர்த்தியே காரணம் என்று கருத இடமுண்டு. மிளகுக்கொடி படரத் தாங்குமரம் வேண்டும். பலன்தரச் சில ஆண்டுகள் ஆகும். அறுவடை ஆண்டுக்கு ஒருமுறை. 1663க்குப் பிறகு கொச்சி அரசரோடு செய்த உடன்படிக்கை வழியாக டச்சுக் கம்பெனி அதன்மேல் தனியுரிமையும் கோரியது. காந்தாரியோ கிணற்றடியில் தானே முளைத்துச் சில மாதங்களில் காய்ப்பது. மிளகு விற்கும் பொருளாகவும் மிளகாய் தின்னும் பொருளாகவும் பிரிந்தபோது, நாளில் பலமுறை வாயில் வரும் பொருள் குறுகிய பெயரை எடுத்துக்கொண்டது. பெயரை முடிவுசெய்தது கிடங்கின் பேரேடு அன்று; அம்மியில் அரைத்தவர்களின் பேச்சு.

இவ்விளக்கத்தைச் சோதிக்கப் பயறு உதவுகிறது. சிவப்பு பீன்ஸும் மிளகாயைப் போலவே அமெரிக்கக் கண்டத்தது. கோவாவின் ஃபெய்ஜோவாதாவில் பயறும் இறைச்சியும் ஒன்றாக வேகின்றன. கொச்சியிலோ பயறு என்ற சொல் அசையவேயில்லை. அங்கே ஏற்கெனவே வன்பயறும் சிறுபயறும் கஞ்சிக்குத் துணையாக ஒவ்வொரு வீட்டிலும் இருந்தன, விலையும் மலிவு. நிரம்பிய இடத்தில் புதுவரவுக்கு வேலையில்லை. அமெரிக்கச் சட்டியின் இரு தோழர்களில் ஒன்று மட்டுமே மட்டாஞ்சேரியில் குடியேறியது இதனால்தான். வன்பயறும் ஆப்பிரிக்க மூலமுடையது என்பது வேறு கதை. அது மிகப் பழைய வரவாதலால் யாரும் அதன் ஊரைக் கேட்பதில்லை.

மிளகு பெயரிழந்தது இது முதன்முறையும் அன்று. சங்கப் பாடல்களில் மிளகைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று கறி. முசிறித் துறையில் யவனர் பொன் கொடுத்துப் பெற்றுச்சென்றதாக அகநானூற்றின் 149ஆம் பாட்டு கூறுவது அந்தக் கறியையே. பின்னாளில் கறி என்பது காரமிட்ட தொடுகறியாயிற்று. தமிழ்ப் பேச்சில் இறைச்சியாயிற்று. ஆங்கிலத்துக்குப் போய் உலகமெங்கும் குழம்பாயிற்று. உணவுப்பொருள் மிளகுப்பொருளிலிருந்து கிளைத்ததா, கறித்தல் என்ற வினையிலிருந்து தனியே பிறந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும் மிளகுப்பொருள் வழக்கொழிந்தது. மாட்டுக்கறி என்று சொல்லும் தமிழர் வாயில் மிளகின் பழம்பெயர் இருக்கிறது. முளகிட்ட மாட்டிறைச்சி என்னும் மலையாளியின் வாயில் அதன் அடுத்த பெயர் இருக்கிறது. இரண்டிலும் மிளகு இல்லை.

2017 மே மாதம் கால்நடைச் சந்தைகள் குறித்து ஒன்றிய அரசு வெளியிட்ட விதிகளை எதிர்த்துக் கேரளம் எங்கும் மாட்டிறைச்சி சமைத்துப் பரிமாறும் போராட்டங்கள் நடந்தன. எது இம்மண்ணின் உணவு என்ற வாதம் அப்போது இருதரப்பிலும் உரத்து எழுந்தது. அந்தச் சட்டிகளில் சிவந்து கிடந்த மிளகாயின் பூர்விகத்தை ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்கும் ஓரிடம் உண்டு, ஆனால் அது மாட்டிறைச்சியை அண்டவிடாத அடுக்களை. தமிழ்ப் பிராமண வீடுகளின் திவசச் சமையலில் இன்றும் மிளகாய் விலக்கு. காரம் மிளகால் மட்டுமே. ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தும் மிளகாயை அயலாக வைத்திருப்பது மூதாதையர்க்கு இடும் இலைதான்.

ஆவணங்களோடு பழகுவோர்க்கு இதில் நேரடியான விளைவு ஒன்று உண்டு. பதினேழாம் நூற்றாண்டு அல்லது அதற்கு முந்திய மலையாள ஏடு ஒன்றில் முளகு என்று வந்தால் அது மிளகு. இன்றைய மலையாளச் சமையற்குறிப்பில் வந்தால் அது மிளகாய். இடைப்பட்ட காலத்து மருந்துக் குறிப்புகளிலும் வீட்டுக் கணக்குகளிலும் எது எது என்பதை, பக்கத்தில் நிற்கும் சொற்களைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும். வற்றல், பச்சை, காந்தாரி என்பன உடனிருந்தால் ஒரு முடிவு. சுக்கும் திப்பிலியும் உடனிருந்தால் இன்னொன்று. மலையாளத்திலிருந்து தமிழுக்குப் பெயர்ப்போர் ஒலியொப்புமையை நம்பி முளகை எங்கும் மிளகு என்று எழுதினால், உலர்த்திய இறைச்சியில் நிறம் ஏறாது. மருந்தில் மிளகாய் என்று எழுதினால், நோயாளியின் கதி வேறு.